சென்ட் விலை ஏன் குறைவு? குமரியில் முதல் வீடு தேடிய ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் வீடு தேடும் யாரும் முதலில் கேட்பது "சென்ட் என்ன விலை?" என்றுதான். வங்கிகளுக்காக வீடு, மனைகளை மதிப்பிட்டு அறிக்கை கொடுப்பது என் தொழில். அதனால் எனக்கு அடுத்த கேள்விதான் முக்கியம்: பக்கத்து இடத்தைவிட இங்கே ஏன் குறைவு? மலைக்கும் கடலுக்கும் நடுவே 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து வாழும் மாவட்டம் இது. இங்கே எந்த இடமும் சும்மா மலிவாக இருக்காது. கையில் பணம் குறைவாக உள்ளவர் மலிவான இடத்துக்குத்தான் போயாக வேண்டும். அந்த மலிவுக்கு என்ன காரணம், அந்தக் காரணத்தோடு நம்மால் குடித்தனம் நடத்த முடியுமா என்பதைத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டும். இதை நன்றாகக் காட்டும் ஒரு குடும்பத்தின் தேடலை இங்கே எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன்.

குடும்பமும் பணமும்

கணவருக்கு முப்பத்து நான்கு வயது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. தினமும் ரயிலில் போய்வருகிறார். மனைவி நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பள்ளிக்குப் போகத் தயாராகும் மகள், கணவரின் அம்மா என்று வீட்டில் நான்கு பேர். நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஒத்திக்கு (மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல்) இருந்த வீட்டை உரிமையாளர் திரும்பக் கேட்டார். இன்னொரு ஒத்தி வீடு பார்ப்பதற்குப் பதில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று கிளம்பினார்கள்.

திரும்பி வரும் ஒத்திப் பணம் 5 லட்சம், சேமிப்பு 4 லட்சம், நகையில் 3 லட்சம். ஆக 12 லட்சம். வங்கி 28 லட்சம் வரை தருவதாகச் சொல்லியிருந்தது. 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 24,300 ரூபாய் வரும். "மொத்தம் 40 லட்சம் சார், 40 லட்சத்துக்குள்ள பாருங்க" என்றுதான் புரோக்கர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருந்தது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இந்த 9 சதவீதம். வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி இந்தச் செலவைக் கடன் கணக்கில் சேர்க்காது. கைக்காசிலிருந்துதான் போக வேண்டும். பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு உண்டு, அதுவும் 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்குத்தான். அப்புறம் பத்திர எழுத்தர், வக்கீல் கருத்து, வங்கியின் செலவுகள், சின்னச் சின்ன வேலைகள் என்று எல்லாம் கழித்தால் 40 லட்சம் வைத்திருப்பவர் 34 லட்சத்துக்கு மேல் வீடு பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, சொந்த வீடு இல்லாதவர்கள், 35 லட்சத்துக்குள் மதிப்புள்ள வீட்டை 25 லட்சத்துக்குள் கடன் வாங்கி வாங்கினால், அதிகபட்சம் 1.80 லட்சம் வட்டி மானியம் ஐந்து தவணைகளாகக் கிடைக்கும். இவர்கள் வருமானம் அந்த வரம்புக்குள் வந்தது. கூடுதலாக 3 லட்சம் கடன் வாங்கப் போய் 1.80 லட்சத்தை விடுவது புத்திசாலித்தனம் இல்லை. மாதம் 24,300 ரூபாய் தவணை இந்தக் குடும்பத்துக்கு இறுக்கம் என்பது என் அபிப்பிராயமாகவும் இருந்தது. கடன் 25 லட்சம் என்று முடிவானது, தவணை 21,700. வீட்டு விலையின் உச்சவரம்பு 31.5 லட்சத்துக்கு இறங்கியது. திட்டத்தின் பெயரிலேயே நகர்ப்புறம் இருப்பதால், பார்க்கும் இடம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வருகிறதா என்பதும் தேடலில் ஒரு நிபந்தனையாகிவிட்டது.

மனை வாங்கிக் கட்டலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். புறநகரில் இவர்களிடம் சொல்லப்பட்ட விலை சென்ட்டுக்கு 5 லட்சம். 3 சென்ட் வாங்கி 850 சதுர அடியில் சுமாரான தரத்தில் கட்டினாலும் மதில், போர், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 36 லட்சத்தைத் தொடும். கட்டி முடிக்கும்வரை தவணையும் வாடகையும் சேர்ந்து போகும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

வயலில் எழுந்த வீடு

ஏப்ரல் மாதம் அவர்கள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட ஒரு வீட்டைப் பார்க்க என்னை அழைத்தார்கள். வடசேரிக்கு வடக்கே, பூதப்பாண்டி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு மனைப்பிரிவு. 3.25 சென்ட், 850 சதுர அடி, புத்தம் புதுசு. வாசலில் கார் நிறுத்தும் இடம், உள்ளே பளபள டைல்ஸ். 33 சொன்னார்கள், 31க்கு முடித்துத் தருவதாக புரோக்கர் காதோடு சொல்லியிருந்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டு பத்து நிமிடத் தூரம். மனைவிக்கு அந்த வீடு மிகவும் பிடித்திருந்தது.

எனக்கு வீட்டுக்குள் போகவே தோன்றவில்லை. ரோட்டில் நின்று சுற்றிப் பார்த்தேன். மனைப்பிரிவின் ரோடு பக்கத்து வயலைவிட இரண்டடி உயரம். வீட்டின் தரைமட்டம் ரோட்டைவிட ஒன்றரை அடி உயரம். இதுவரை சரி. ஆனால் எதிர்ப்பக்கம் போகும் சானலின் (பாசனக் கால்வாயின்) கரை எங்கள் இடுப்பு உயரத்தில் இருந்தது. சானலில் தண்ணீர் இல்லை. உள்ளே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். அதற்காகப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து பொதுவாக ஜூன் மாதம் தண்ணீர் திறந்து பிப்ரவரி வாக்கில் அடைப்பார்கள். ஆக மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் எந்த வயலைப் பார்த்தாலும் காய்ந்துதான் கிடக்கும். வயல் நிரப்பிய மனைகளை விற்பவர்கள் இந்த மூன்று மாதத்தில் சுறுசுறுப்பாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அக்டோபர், நவம்பரில் சானல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வடகிழக்குப் பருவமழையும் கொட்டினால் வயலில் விழும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. வயலுக்கு அது பழக்கம். வீட்டுக்கு?

பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், 2021 நவம்பர் மழையில் இங்கே எப்படி இருந்தது என்று கேட்டோம். மின்கம்பத்தில் முழங்கால் உயரத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். "வயலுக்குள்ள வீடு வெச்சா தண்ணி வராம பின்ன என்ன மக்களே வரும்?" என்றார். புது வீட்டில் எந்த அடையாளமும் இருக்க முடியாது. அந்த மழையின்போது அந்த வீடே இல்லை. நான்கு மனை தள்ளி இருந்த பழைய வீட்டு மதிலில் அடிப்பூச்சு ஒரே மட்டத்தில் உதிர்ந்திருந்தது. பாட்டி சொன்ன உயரம் அதே மட்டம்தான்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்று கேட்டால், ஒன்றரை அடி உயரம் இருப்பதால் அநேகமாக ஏறாது. அவர்களுக்கு நான் விளக்கிச் சொன்ன பிரச்சினை கழிவுநீர்த் தொட்டி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வந்து நிற்கும் இடத்தில் செப்டிக் டேங்க் தண்ணீர் எங்கே இறங்கும்? கக்கூஸ் வழியாகத் திரும்பி வரும். நான்கு பேர், அதில் ஒரு குழந்தை, ஒரு வயதானவர். நவம்பர் தோறும் இரண்டு மூன்று வாரம் உறவினர் வீட்டில் போய் இருப்பதாக இருந்தால் வாங்கலாம்.

அடுத்தது மண். வயல்மண் களிமண், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் செம்மண் கொட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அஸ்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கிறதா, பழைய தரைக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று கட்டியவரிடம் கேட்டேன். "பெல்ட் எல்லாம் போட்டிருக்கு சார்" என்றார். பெல்ட் என்பது அஸ்திவாரத்தின் மேல் சுற்றிப் போடும் கான்கிரீட் பட்டை. கேட்டது அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும். பின்மதிலில் படிக்கட்டு மாதிரி விரிசல் அப்போதே தொடங்கியிருந்தது.

காகிதத்தில் குறையே இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன்பு விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளுக்காக வந்த 2017ஆம் ஆண்டு விதிகளின்படி முறைப்படுத்திய மனை. வில்லங்கச் சான்று சுத்தம். கட்டட அனுமதி உண்டு. வங்கி கண்ணை மூடிக்கொண்டு கடன் தரும். நானே வங்கிக்காக மதிப்பிட்டிருந்தால் நல்ல தொகையே போட்டிருப்பேன்; நவம்பரில் கக்கூஸ் நிரம்புமா என்று கேட்கும் கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை. வங்கி ஒத்துக்கொண்டால் இடம் நல்ல இடம்தான் என்று பலர் நம்புகிறார்கள். வங்கிக்கு வேண்டியது விற்றால் பணம் திரும்புமா என்பது மட்டும்.

மனைவிக்கு வருத்தம். "நாங்க பார்த்ததுலேயே இதுதான் வீடு மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த வீட்டை மே மாதமே வேறு ஒருவர் வாங்கிவிட்டார்.

நாலு திசையிலும்

அதற்குப் பிறகு மாவட்டத்தையே சுற்றினார்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை.

தெற்கே தெங்கம்புதூரைத் தாண்டி மணக்குடிப் பக்கம் 6 சென்ட்டில் பத்து வருடத்து வீடு, 28 லட்சம். பட்ஜெட்டுக்குள் வந்த முதல் வீடு. போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்த கணவரின் அம்மா, "மக்கா, இதுல பருப்பு வேகாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். என் கருவிகள் எதுவும் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லியிருக்காது. பழையாறு கடலில் கலக்கும் காயல் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்தால், பிறகு ஒரு மாடி எடுக்கவும் தனி அனுமதி கேட்டு அலைய வேண்டும். கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி வரும், காயல் கரையிலும் குறிப்பிட்ட தூரம் உண்டு. கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். சென்ட் விலையும் உடனே ஏறிவிடும்.

கிழக்கே ஆரல்வாய்மொழி. அகலமான ரோடு, புது வீடு, மலிவு. அங்கே காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பது தென்மேற்குப் பருவக்காற்று நாளில் போனால் புரியும். அது பெரிய குறை இல்லை, பழகிவிடும். கணவரின் வேலை மேற்கே இருக்க, வீடு கிழக்கே போவதுதான் குறை. மகேந்திரகிரியிலோ காவல்கிணறு பக்கமோ வேலை பார்ப்பவர் கேட்டிருந்தால் முதல் இடமாக ஆரல்வாய்மொழியைத்தான் சொல்லியிருப்பேன்.

மேற்கே மார்த்தாண்டத்தைத் தாண்டி மனைவியின் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வீடு. ரப்பர் தோட்டச் சரிவை வெட்டிச் சமமாக்கிய இடம். வீட்டின் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண் சுவர் செங்குத்தாக நின்றது, தடுப்புச் சுவர் கிடையாது. 2021 மழையில் இந்தப் பக்கத்து ரயில் பாதையிலேயே மண் சரிந்து வண்டிகள் நின்றன. கருங்கல்லில் தடுப்பு கட்டும் செலவைச் சேர்த்தால் மலிவு என்பதே இல்லை. மலையோரக் கிராமங்களில் இன்னொரு விஷயமும் உண்டு: மலைப்பகுதியில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்று பார்க்காமல் மனை வாங்கக் கூடாது. இவர்கள் அதுவரை போகவில்லை. நாகர்கோவிலில் டியூட்டி முடித்து இரவில் அவ்வளவு தூரம் வர முடியாது என்று மனைவியே விட்டுவிட்டார்.

எனக்கு உண்மையில் பிடித்தது கோட்டாற்றில் ஒரு பழைய வீடு. 2 சென்ட், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், மூன்றடிச் சந்து, 29 லட்சம். நாகர்கோவில் ஜங்ஷன் ஸ்டேஷன் கோட்டாற்றில்தான் இருக்கிறது; கணவர் நடந்து போய் ரயில் ஏறலாம், மனைவிக்கும் பஸ் பத்து நிமிடம்கூட ஆகாது. கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடந்து போகும் தூரம். புதுசாக எழும் புறநகர்களை நம் ஆட்கள் தேவைக்கு மேல் கொண்டாடுகிறார்கள், பழைய ஊரை மட்டமாகப் பேசுகிறார்கள் என்பது என் கட்சி. ஆனால் பாகம் பிரிக்காத சொத்து. ஏழு வாரிசுகள், அதில் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இரணியல்

ரயிலில் தினமும் கூட வரும் ஒருவர் சொல்லித்தான் இந்த வீடு தெரியவந்தது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதை 1979இல் வந்ததிலிருந்து இந்தப் பாதையில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். புரோக்கருக்குத் தெரியாத வீடுகள் அவர்களுக்குத் தெரியும். இரணியல் ஸ்டேஷனுக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் 5.5 சென்ட், 2006இல் கட்டிய 800 சதுர அடி கான்கிரீட் வீடு, ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு பலா. பேரூராட்சி எல்லைக்குள். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. 35 லட்சம் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்து விலைக்கு 5.5 சென்ட்டோடு 35 என்பது குறைவு. காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை: தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபது மீட்டர் நீளத்துக்கு எட்டடிப் பாதை. ஆட்டோ வரும், கார் வராது. வெளிநாட்டில் சம்பாதித்து வந்து வீடு வாங்குகிறவர்கள் நிறைந்த மாவட்டத்தில், வாசலில் கார் நிற்காத வீட்டை யாரும் இரண்டாவது முறை வந்து பார்ப்பதில்லை. இரண்டாவது காரணம், ஒரு அறையில் கூரை ஒழுகியது. மூன்றாவது, வயரிங் பழசு.

இவர்களிடம் கார் இல்லை. ஸ்கூட்டர்தான். அடுத்த பத்து வருடத்திலும் தவணை கட்டிக்கொண்டு கார் வாங்கப் போவதில்லை என்று கணவரே சொன்னார். மற்றவர்களை விரட்டிய குறை இவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. அறுபது மீட்டரில் ஆம்புலன்ஸ் வராதே என்று கேட்டேன். ஸ்ட்ரெச்சரில் அவ்வளவு தூரம் தூக்கிவிடலாம் என்று மனைவி, ஒரு நர்ஸாக, யோசித்துப் பதில் சொன்னார்.

ஜூன் மாதம் தென்மேற்கு மழை பெய்துகொண்டிருந்தபோது போனோம். நான்தான் அப்படி வரச் சொன்னேன். செம்மண் மேட்டுப் பகுதி. மழைத்தண்ணீர் பாதை வழியாகக் கீழே குளத்துப் பக்கம் ஓடியது, வீட்டைச் சுற்றித் தேங்கவில்லை. எந்த அறையில், எந்த மூலையில் ஒழுகுகிறது என்பதையும் நேரில் பார்த்து எழுதிக்கொள்ள முடிந்தது. வெயில் நாளில் போயிருந்தால் வெள்ளையடித்த கூரையைத்தான் பார்த்திருப்போம்.

இன்னொரு நாள் அவர்கள் மட்டும் இரவில் போனார்கள். மனைவியின் டியூட்டி எட்டு மணிக்கு முடியும். நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஏறி, திங்கள்சந்தையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து, பாதை வழியாக நடந்து பார்த்தார்கள். பஸ் இருந்தது, கூட்டம் இருந்தது. ரோட்டிலிருந்து வீடு வரை ஒரு விளக்கு இல்லை. "இந்த இருட்டுல நான் தனியா நடக்கணுமா?" என்று மனைவி கேட்டிருக்கிறார். இந்த ஒரு கேள்விக்காகவே அந்த வீடு கைநழுவியிருக்கும். பேரூராட்சியில் தெருவிளக்குக்கு மனு கொடுக்கலாம் என்று கவுன்சிலர் சொன்னார். அதை நம்பி வாங்காதீர்கள், வாசலிலும் பாதித் தூரத்திலும் நீங்களே விளக்குப் போடும் செலவைக் கணக்கில் சேருங்கள் என்றேன். வீடு பார்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருதான்.

ரயில் கணக்கையும் பார்த்தார்கள். நாகர்கோவிலில் நிற்கும் எல்லா வண்டியும் இரணியலில் நிற்காது. காலை வண்டி பொருந்தியது. மாலையில் ஒன்றைத் தவறவிட்டால் தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி தக்கலையில் இறங்கலாம். நேரம் ஆகும், ஆனால் வழி உண்டு. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு ஆசாரிபள்ளம் போவதற்குப் பதில் தக்கலை அரசு மருத்துவமனை பக்கமாகிவிட்டது.

கிணற்றில் மே மாதம் கடைசி இரண்டு உறைக்குத் தண்ணீர் இறங்கும், வற்றாது என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் உப்பு இல்லை, கிருமி இருந்தது. பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் மதிலை ஒட்டியிருந்தது. மூன்று, நான்கு சென்ட் வீடுகள் நெருங்கிவிட்ட ஊர்களில் இது சர்வசாதாரணம். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே விட இடமே இல்லை. கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க. குடிக்கப் பேரூராட்சிக் குழாய் என்று முடிவு செய்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் எழுத்து பொய்யாகிவிடும். நம் மாவட்டத்தில் புரோக்கர் ஒரு தெருவைப் பற்றிச் சொல்லும்போது, கேட்காமலே அங்கே எந்தச் சமுதாயம், எந்தச் சபை என்பதையும் சேர்த்துச் சொல்வார். வாங்குபவர்களில் பலரும் அதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருப்பார்கள். இவர்கள் அதைக் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் கலந்திருந்தார்கள். அம்மாவுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு கோவில் இருந்தால் போதும் என்றார், இருந்தது.

பேரமும் பத்திரமும்

கூரை, வயரிங், குளியலறை எல்லாவற்றுக்கும் 2.4 லட்சம் ஆகும் என்று நான் அறையறையாகக் கணக்கெழுதிக் கொடுத்தேன். அதைக் காட்டி 32.5 வரை இறக்கினார்கள். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் (நான் இல்லை, அந்த வங்கிக்கு நான் வேலை செய்வதில்லை) பாதை குறுகல் என்று காட்டி 29.5 லட்சம்தான் போட்டார். கணவர் பயந்துபோய் போன் செய்தார். இதில் பயப்பட ஒன்றுமில்லை. கடன் 25 லட்சம்தான், அது அந்த மதிப்புக்குள் தாராளமாக அடங்கும். அந்த அறிக்கை பேரத்துக்கு நல்ல ஆயுதமானது. 31 லட்சத்தில் முடிந்தது.

பத்திரத்தில்தான் நேரம் பிடித்தது. மூலப் பத்திரம் கொல்லம் ஆண்டு 1129இல், அதாவது 1954 வாக்கில், மலையாளத்தில் எழுதியது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய பத்திரங்கள் இப்படித்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். குழித்துறையில் வயதான ஒருவரைக் கண்டுபிடித்துப் படித்தபோது, வீட்டுக்கு வரும் பாதை அதில் வெறும் நடைவழி என்றுதான் இருந்தது. எட்டடி என்பது 1988இல் சகோதரர்கள் செய்துகொண்ட பாகப் பத்திரத்தில்தான் வருகிறது. தனியார் நிலத்தில் உள்ள பாதை என்பதால் புல வரைபடத்தில் அது இல்லவே இல்லை. ஆகவே 1988 பத்திரத்தின் நகலை வாங்கி, புதுக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாதையின் நீளம், அகலம், பழைய சர்வே எண், ரீசர்வே எண், அதைப் பயன்படுத்தும் உரிமை எல்லாவற்றையும் எழுதச் சொன்னோம். "வழக்கமான வழிநடை உரிமைகள் உட்பட" என்ற ஒரு வரியோடு முடிக்கத்தான் எழுத்தர் பார்த்தார். இந்த மாவட்டத்தின் சிவில் வழக்குகளில் வழித்தகராறுக்குப் பஞ்சமில்லை, விடக் கூடாது.

சர்வேயர் அளந்தபோது 5.5 சென்ட், 5.3 ஆனது. வேலி ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. அந்த 0.2 சென்ட்டுக்குச் சண்டை போடாமல், உள்ளதை உள்ளபடி பதிந்தார்கள். விற்பவர்களில் ஒருவர் வளைகுடாவில் இருந்தார். அவர் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய அதிகாரப் பத்திரத்துக்கு, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்தக் கெடு முடியும் முன்பே எல்லாம் நடந்தது.

குடிபோன பிறகு

விலை 31, பதிவுச் செலவு 2.79, பழுதுபார்ப்பு 2.4, மற்றவை 60 ஆயிரம். கைக்காசு 12, கடன் 25, ஆக 37 லட்சத்தில் இருபதாயிரம் மிச்சம். பழுதுவேலையில் சமையலறைக் கிரானைட்டைத் தள்ளிப்போட்டு ஒரு லட்சமாவது கையில் வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். கிரானைட் வந்துவிட்டது. மூன்றாவது மாதம் கிணற்று மோட்டார் எரிந்தபோது மனைவியின் தம்பியிடம் கடன் வாங்கினார்கள்.

முதல் வருட மழையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கவில்லை. கூரை இன்னொரு மூலையில் லேசாகக் கசிந்தது, அதையும் அடைத்தார்கள். பள்ளி வேன் தார் ரோட்டு முனையில் நிற்கும். பாட்டி பேத்தியை அங்கே கொண்டுபோய் விட்டுவருகிறார், அவருக்கு அது பிடித்துமிருக்கிறது. மனைவியின் பயணம்தான் நினைத்ததைவிடக் கடினம். வெட்டூர்ணிமடத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் போனவர் இப்போது ஒரு மணி நேரம் செலவழிக்கிறார். மருத்துவமனையில் பகல் டியூட்டி கேட்டு வாங்கியிருக்கிறார், அதனால் இரவுப்படி கொஞ்சம் குறைந்தது. ஸ்கூட்டரைத் திங்கள்சந்தையில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுகிறார். தக்கலைப் பக்கம் வேலை கிடைத்தால் மாறிவிடலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. தெருவிளக்கு மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. இவர்கள் போட்ட விளக்குகள்தான் எரிகின்றன.

பாதையைப் பத்தடியாக்கப் பேச்சு நடக்கிறது. பாதையோரம் நான்கு வீடுகள். மூன்று வீட்டார் மதிலைத் தள்ளிக் கட்டச் சம்மதித்துவிட்டார்கள், செலவைப் பங்கிட்டுக்கொள்ளவும் தயார். நான்காவது வீட்டுக்காரரிடமும் கார் இல்லை. மருமகன் துபாயிலிருந்து லீவில் வரும்போது கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்.